நிழல் விழுந்த பக்கம்

நம் நாட்டில் பெருநாள் தொழுகைக்காகத் திடலில் அணிவகுத்து நிற்பவர்களின் நிழல் அவர்களுக்கு முன்னால் விழும். கிப்லா நமக்கு மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து இருக்கிறது. தொழுகையோ காலை வேளையில் நடக்கிறது. ஆகவே சூரியன் நம் முதுகுப் பக்கம் நிற்கும். ஸுஜூதுக்குக் குனிகையில் நம் நிழலின் மீதே நெற்றியை வைக்கிறோம். ஐம்பது வயதைக் கடந்த நமக்கு இது ஒருநாளும் கவனிக்கத்தக்க சங்கதியாகத் தோன்றியதில்லை. சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு மூதாட்டி கொண்டுவந்து காட்டிய சிறு புகைப்படத்தில் நிழல் வேறு பக்கம் சாய்ந்திருக்கக் கண்ட அன்றுதான் அதனைப் பற்றி எண்ணலானோம்.

அஸர் தொழுகை முடித்து மதரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்த வேளை அது. எண்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். பேரன் பெங்களூரில் வேலை பார்க்கும் இளைஞர். அவர் கையில் துரு ஏறிய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது.

“ஹஜ்ரத், இதுல அரபி எழுத்து போட்ட படம் ஒண்ணு இருக்கு. என்னன்னு படிச்சுச் சொல்லணும்” என்றார் அம்மையார்.

டின்னுக்குள் பத்தொன்பது படங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு தீப்பெட்டிகளைச் சேர்த்து வைத்த அளவே இருக்கும். ஓரங்கள் மஞ்சள் பூத்திருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது அந்நிய நாட்டில் பயிற்சி முகாம்களில் இருந்த நம்மவர்களைப் பிடித்த படங்கள் அவை என்பது பார்த்தவுடனே விளங்கியது. ஒலிவ மரங்களினூடே வரிசையாகக் கூடாரங்கள், முதுகில் பாரம் ஏற்றிய கோவேறு கழுதைகள் சரிவில் ஏறும் காட்சி, பெரியதோர் இரும்புச் சட்டத்தை ஆறு பேர் சேர்ந்து தூக்கி வரும் காட்சி, ஆற்றின் குறுக்கே கயிறு கட்டிக் கடக்கும் காட்சி, கடைத்தெரு ஒன்று, தொழுகை ஒன்று. எடுத்தவர் யார் என்று எங்கும் எழுதப்படவில்லை. தொழுகைப் படத்தின் பின்புறம் மட்டும், பென்சிலால், தமிழில், ‘டிரிபோலி’ என்று ஒரே ஒரு சொல் இருந்தது.

அம்மையாரின் தந்தை ராணுவத்தில் சேர்ந்தவர். சென்னை சாப்பர்ஸ் என்று வழங்கும் படை அது. பாலம் கட்டுவதும், பாதை போடுவதும், கண்ணிவெடி அகற்றுவதும் அவர்களது பணி. பெங்களூர்தான் அதற்குத் தலைமையிடம். நம் மாவட்டங்களிலிருந்து எத்தனையோ பேர் அங்கே போய்ச் சேர்ந்தனர். அப்படைவீரர்களை இன்றைக்கும் ‘தம்பி’ என்றே அழைப்பார்களாம். அம்மையார் பிறந்து நாற்பது நாள் ஆனபோது தந்தை வந்து பார்த்துவிட்டுப் போனார். 1943 ஜூலைக்குப் பின்னர் பம்பாயில் கப்பல் ஏறினார். 1944ல் இத்தாலியில் ஷஹீதானார். வீட்டுக்குத் தந்தி வந்தது. பிறகு ஓய்வூதியம் வந்தது. 1946ல், அனுப்பியவர் விலாசம் விளங்காத ஒரு தபால் பொட்டலத்தில் இந்தப் படங்கள் வந்தன. அத்தாவின் கூட்டாளி அனுப்பியவை என்று தாயார் சொல்லி வந்தாராம்.

“எங்கத்தா முகத்தை நான் பார்த்ததில்லை, ஹஜ்ரத். இதுல எங்கத்தா இருக்காரா இல்லையான்னு ஒரு முடிவு தெரிஞ்சா போதும்” என்றார்.

பேரன் ஏற்கெனவே நிறைய உழைத்திருந்தார். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் தேடி, கொள்ளுப்பாட்டனாரின் கபுறு இத்தாலியில் அரெஸ்ஸோ நகர மயானத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அவர் சேர்ந்திருந்த 10வது இந்திய டிவிஷன் எங்கெங்கே சென்றது என்பதையும் படித்திருந்தார். படித்ததன் பலன் பாட்டியாருக்கு மனவருத்தமாகத்தான் முடிந்திருந்தது.

அவருடைய கணக்கு இதுதான். டிரிபோலி என்பது லிபியாவின் தலைநகரம். பிரிட்டிஷாரின் எட்டாவது ராணுவம் அதைக் கைப்பற்றியது 1943 ஜனவரி 23ல். 10வது டிவிஷன் அந்நகருக்குப் போகவே இல்லை. அப்பொழுது கொள்ளுப்பாட்டனார் ஊரைவிட்டே புறப்படவில்லை. ஆகவே இந்தப் படங்கள் லிபியாவில் இருந்த வேறு யாரோ ஒரு சிப்பாயுடையவை. பின்னால் எங்கோ கைமாறி வந்திருக்கின்றன. இவற்றில் கொள்ளுப்பாட்டனார் இருக்க வழியில்லை. முறையான வாதம்தான். முதல் வாக்கியம் சரியானால் மற்றவை தாமாகவே தொடர்ந்து வரும்.

ஆனால் நாம் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டோம். அரபியில் ஓதிப் பழகியவர்களுக்கு ‘தராபுலுஸ்’ என்றால் ஒரே ஊர் அல்ல. தராபுலுஸுல் ஃகர்பு என்பது மேற்கத்திய தராபுலுஸ். அதுதான் லிபியாவில் இருப்பது. தராபுலுஸுஷ் ஷாம் என்பது ஷாம் தேசத்து தராபுலுஸ்; இன்றைக்கு லெபனான் நாட்டின் வடபகுதியில் கடலோரமாக உள்ள நகரம் அது. ‘மூன்று நகரம்’ என்று பொருள்படும் பழைய யவனச் சொல் இரண்டுக்கும் பெயராயிற்று. ஆங்கிலேயர் இரண்டையுமே டிரிபோலி என்று எழுதினர். இதைச் சொன்னவுடன் அந்தப் பேரன் சிறிது நேரம் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்துப் புரட்டலானார். 10வது டிவிஷன் 1943ன் பிற்பகுதியிலும் 1944ன் தொடக்கத்திலும் இருந்தது லெபனானிலும் பாலஸ்தீனத்திலுமாம். இத்தாலியின் மலைகளில் போரிடுவதற்கான பயிற்சிக்காகவே அங்கு வைத்திருந்து, 1944 மார்ச்சில் இத்தாலிக்கு அனுப்பினார்கள்.

அம்மையார் எதுவும் பேசவில்லை. முந்தானையை இழுத்துத் தலையை நன்றாகப் போர்த்திக்கொண்டார்.

இரண்டு ஊர்கள் இருக்கின்றன என்பதனாலேயே படம் இன்ன ஊரில் எடுத்தது என்று ஆகிவிடாது அல்லவா? அரபி எழுத்துள்ள கடைத்தெருப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பலகையில் ‘ஹலவிய்யாத்’ என்று இருந்தது. இனிப்புப் பண்டக் கடை. அதன் கீழே ஆங்கில எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. ஆனால் கடை முன் நின்ற ஒட்டகச் சுமை அதை மறைத்துவிட்டது. முதல் இரண்டு எழுத்துகளே தெரிந்தன. பிரெஞ்சுக்காரர் ஆண்ட லெபனானில் பலகைகள் அரபியும் பிரெஞ்சுமாக இருக்கும். இத்தாலியர் ஆண்ட லிபியாவில் அரபியும் இத்தாலியுமாக இருக்கும். பாலஸ்தீனமாயின் ஆங்கிலம், அரபி, எபிரேயம் மூன்றும் இருக்கும்; அந்த மூன்றும் அங்கே ஆட்சிமொழிகள். பலகையில் எபிரேயம் இல்லை. ஆனால் இனிப்புக் கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் இத்தாலியச் சொல்லும் ஒரே இரண்டு எழுத்துகளில்தான் தொடங்குகின்றன என்று பேரன் சொன்னார். லெபனானின் தராபுலுஸ் இனிப்புக்குப் பெயர்போன ஊர் என்பது நமக்குத் தெரியும். அதை எப்படிச் சாட்சியாக வைப்பது? இனிப்பு விற்காத ஊர் உலகத்தில் உண்டா?

அப்போதுதான் தொழுகைப் படத்தை மறுபடியும் கையில் எடுத்தோம்.

மரங்களற்ற ஒரு மேட்டுநிலம். ஏழு அல்லது எட்டு ஸஃப்புகள். தொழுகிறவர்களுக்குப் பின்னால் நின்று, சற்று வலப்புறமாக ஒதுங்கி எடுத்திருக்கிறார். எல்லோரும் கம்பளிச் சட்டை அணிந்து அமர்ந்த நிலையில் இருக்கிறார்கள். பஞ்சாபியரும் பலூச்சிப் படையினரும் அணியும் கூர்நுனிக் குல்லாவும் தலைப்பாகையுமே அதிகம். கடைசி ஸஃப்பில் மட்டும் கைக்குட்டையைத் தலையில் முடிந்து கட்டிய சிலர். அவர்களுக்குப் பின்னால் பூட்ஸ்கள் ஜோடி ஜோடியாக, கோடு பிடித்தாற்போல் வைக்கப்பட்டிருக்கின்றன. ராணுவம் என்பதைக் கழற்றி வைத்த பூட்ஸிலும் காணலாம் போலும். தொழுகிறவர்களின் நிழல் பின்புறமாக விழுந்து, வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

நம்முடைய முதல் வியப்பு, முன்னால் விழாமல் பின்னால் விழுந்ததே என்பதுதான். பிறகு மெல்ல மெல்ல மற்றது புலப்பட்டது. ஸஃப்பு என்பது என்ன? கிப்லாவைக் காட்டும் முள் அல்லவா அது! தொழுகிறவர்கள் எத்திசை நோக்கி இருக்கிறார்கள் என்று எவரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஊர் என்று சொன்னால் போதும், திசையை நாம் சொல்லிவிடலாம். திசையும் சூரியனும் தெரிந்தால் எந்த ஊர் என்பதையும் ஏன் சொல்ல முடியாது?

நம் முன்னோர் இக்கலையில் மிகுந்த பாடுபட்டவர்கள். கஜ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாகக் கணிப்பதற்கென்றே அல்பிரூனி ஒரு நூல் இயற்றினார். திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் வக்துகளைக் கணிக்கும் பணியில் இருந்த இப்னுஷ் ஷாத்திர், 1371ல் அப்பள்ளியின் மினாராவுக்கென நிழற்கடிகாரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். நமக்கு அவர்களுடைய கணிதம் வராது. ஆனால் மாணவர்களுக்குப் பாடம் சொல்ல வாங்கிய பழைய உலகப் படமும், பேரனிடம் கைப்பேசியும் இருந்தன.

லெபனானின் தராபுலுஸிலிருந்து மக்கா ஏறக்குறைய நேர் தெற்கில் இருக்கிறது. தெற்கிலிருந்து 16 பாகை மட்டும் கிழக்கே சாய்வு. லிபியாவின் தராபுலுஸிலிருந்து பார்த்தால் மக்கா கிழக்கில் இருக்கிறது. கிழக்கிலிருந்து 19 பாகை தெற்கே சாய்வு. ஒரே பெயர் கொண்ட இரு ஊர்களில் தொழுகிறவர்களில் ஒருவர் தெற்கு நோக்குகிறார், மற்றவர் கிழக்கு நோக்குகிறார்! இனி சூரியன். குளிர்காலத்தில் அந்த அட்சரேகைகளில் சூரியன் கிழக்கிலிருந்து 28 பாகை தெற்கே தள்ளி உதிக்கும். பிறகு மேலும் தெற்கே நகரும். லிபியாவில் தொழுகிறவருக்கு அது உதிக்கும்போதே வலப்புறம்; நிழல் இடப்பக்கம்தான் சாய வேண்டும். லெபனானில் தொழுகிறவருக்கோ முற்பகல் முழுவதும், உச்சிக்குச் சற்று முன்பு வரை, சூரியன் முன்புறம் இடப்பக்கம். நிழல் பின்னால் வலப்பக்கம் சாயும். நம் கையிலிருந்த படத்தின் இடது ஓரம் சூரிய ஒளி தாக்கி வெளுத்துப் போயிருந்தது.

பேரன் விடவில்லை. நல்ல மாணவர்! “படத்தைத் திருப்பிப் பிரிண்ட் போட்டிருந்தால், ஹஜ்ரத்? இடம் வலமாகியிருக்குமே?” என்றார். நியாயமான ஆட்சேபணை. பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினோம். வலது மூலையில் ஒரு ராணுவ லாரியின் மூக்கு தெரிந்தது. அதில் எண்கள் நேராகவே வாசிக்கும்படி இருந்தன. படம் திருப்பப்படவில்லை.

இன்னொன்றும் அதிலிருந்தே கிடைத்தது. நிழல் வலப்பக்கம் என்றால் லெபனானில் அது முற்பகல். சூரியன் உதித்தபின் உச்சி சாய்வதற்கு முன் ஜமாஅத்தாகத் தொழும் பர்ளு எதுவும் இல்லை. ஜனாஸாத் தொழுகையில் யாரும் அமர்வதில்லை. ஆகவே இது பெருநாள் தொழுகை. போர் ஆண்டுகளில் அந்த டிவிஷன் அங்கே இருந்தபோது வந்த பெருநாள்கள் இரண்டே: ஹிஜ்ரி 1362ன் நோன்புப் பெருநாள் 1943 அக்டோபர் தொடக்கத்திலும், ஹஜ்ஜுப் பெருநாள் டிசம்பர் 8ஐ ஒட்டியும் வந்தன. கம்பளிச் சட்டைகளைப் பார்க்கையில் ஹஜ்ஜுப் பெருநாள் என்றே கொள்ளத் தோன்றுகிறது. ஆறு பேர் தூக்கிவரும் அந்த இரும்புச் சட்டமும் இதற்கு இசைவாயிற்று. அது பெய்லி பாலத்தின் பக்கச் சட்டம் என்று பேரன் கண்டுபிடித்திருந்தார்: பத்தடி நீளம், 570 பவுண்டு எடை, தூக்க ஆறு பேர். துண்டு துண்டாகக் கொண்டுபோய் ஆணி கோத்து நிறுத்தும் அவ்வகைப் பாலம் போர்க்களத்துக்கு வந்ததே 1942ன் கடைசியில்தான். இத்தாலியில் சாப்பர்ஸ் படையினர் ஆற்றுக்கு ஆறு கட்டியது அதைத்தான்.

ஆக, காலமும் இடமும் பொருந்திவிட்டன. அவர் அங்கே இருந்திருக்கக்கூடும். ஆனால் எவர் அவர்?

“உங்கள் தாயார் எதுவும் அடையாளம் சொல்லவில்லையா, அம்மா?” என்று கேட்டோம்.

கேட்டிருக்கக்கூடாத கேள்வியோ என்று தோன்றும்படி பேரன் தலையைக் குனிந்துகொண்டார். அம்மையார் மட்டும் அமைதியாகச் சொன்னார்: “சின்னப் பிள்ளையில பெருநாள் அன்னைக்கு டின்னைத் தொறந்து காட்டுவாங்க. ‘அந்தா, சலாம் குடுக்குறாரே, அவருதான் உங்கத்தா’ன்னு விரலை வச்சுச் சொல்வாங்க. எந்தப் படம்னு எனக்கு நினைவில்லை. விரல்ல இருந்த மருதாணிதான் நினைவிருக்கு.”

“பெரியவர்களான பிறகு கேட்கவில்லையா?”

“வருஷா வருஷம் அவங்க மட்டும் எடுத்துப் பார்ப்பாங்க. கல்யாணமாகி நான் வேற ஊருக்குப் போயிட்டேன். எப்பக் கேட்டாலும் சொல்லப் போறாங்கதானேன்னு இருந்துட்டேன். அப்புறம் ஒரு தடவை உங்க கிட்ட வந்து கேட்டாங்களாம், வீட்டுல போட்டோ வச்சுக்கலாமான்னு. அன்னையிலேருந்து டின்னைக் கட்டிப் பரண்ல போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசறதில்லை. ரெண்டு வருஷத்துல மௌத்தாயிட்டாங்க.”

1996ஆம் ஆண்டு அது. நாம் இந்த மஹல்லாவுக்கு வந்த புதிது. வயது இருபத்தைந்துக்குள். ஸனது பெற்ற சூடு ஆறாத பருவம். பர்தாவுக்கு அப்பாலிருந்து ஒரு முதிய குரல் கேட்டதும், நாம் கூடாது என்று ஒரே சொல்லில் விடை சொன்னதும் நினைவுக்கு வந்தன. யாருடைய படம், எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பது அன்றைக்கும் நமக்குத் தெரியும். எகிப்தின் முஃப்தியாக இருந்து 1935ல் காலமான முஹம்மத் பகீத் அல்முதீயீ, காமிராவால் எடுப்பது உருவம் சமைத்தல் ஆகாது, நிழலைத் தடுத்து நிறுத்துதலே ஆகும் என்று எழுதியிருக்கிறார். அதை மறுத்தவர்களும் உண்டு. மறுத்தவர்களின் பக்கம் நாம் நின்றதைப் பற்றி இங்கே பேசவில்லை. ஒரு விதவைக்கு, அவள் ஏன் கேட்கிறாள் என்று அறியாமல் விடை சொன்னோம். அந்த விடையைச் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நொடிகூட இராது.

அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டோம். “நீங்க ஓதினதைச் சொன்னீங்க. அம்மா அதை ஏத்துக்கிட்டாங்க. இப்ப அத்தாவைப் பாருங்க, ஹஜ்ரத்” என்றார். அவர் குரலில் குறை இல்லை. இருந்திருந்தால் நமக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

பார்த்தோம். ‘சலாம் குடுக்குறாரே’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு குடும்பத்தார் முன்பே தேடியிருந்தார்கள். அதிகாரி ஒருவருக்கு முன் விறைப்பாக நின்று கையைத் தொப்பியருகே உயர்த்திய ஒருவரின் படம் இருந்தது. அவர்தான் என்று சில காலம் நம்பியும் இருந்தார்கள். ஆனால் அவர் புஜத்தில் மூன்று பட்டை, ஹவில்தார். கொள்ளுப்பாட்டனாரோ பதவி எதுவும் பெறாத சிப்பாய். ஆகவே இந்தப் படங்கள் நம் வீட்டுடையவை அல்ல என்ற ஐயம் அப்போதே தொடங்கிவிட்டதாம்.

நாம் சிரித்துவிட்டோம். பிழைபட்டது அவர்கள் தேடல் அல்ல, சொல்லின் பொருள். ராணுவத்தார் செய்வதைச் சலாம் வைத்தல் என்போம், சலாம் போடுதல் என்போம். கொடுத்தல் என்போமா? நம் வீட்டுப் பெண்கள் ‘சலாம் கொடுப்பது’ என்று வேறு எதைச் சொல்வார்கள்? அத்தஹிய்யாத்து ஓதி முடித்து, தலையை வலப்புறம் திருப்பித் தொழுகையை நிறைவு செய்வதைத்தானே!

தொழுகைப் படத்தை மீண்டும் எடுத்தோம். முதுகுகள் என்று நாம் எண்ணிக் கடந்து போனவை சரியாக அந்தக் கணத்தில் எடுக்கப்பட்டவை. தலைகள் வலப்புறம் திரும்பிக்கொண்டிருந்தன. அக்காலத்துச் சாதாரணக் காமிராவின் வேகத்துக்கு ஓடுகிற தலை பிடிபடாது. ஆகவே பெரும்பாலானவை கலங்கிய புகையாகவே இருந்தன. இமாமின் குரலோடு சேர்ந்து முன்னதாகவே திரும்பி நிலைத்துவிட்ட இரண்டு முகங்கள் மட்டும் தெளிவாயிருந்தன. ஒருவர் நான்காம் ஸஃப்பில், குல்லாவும் தலைப்பாகையுமாக, நரைத்த தாடியுடன் இருந்தார். மற்றவர் கடைசி ஸஃப்பில் வலக்கோடியில் இருந்த இளைஞர். தலையில் முடிந்த கைக்குட்டை. வலது காதின் மேல்விளிம்பு சிறிது மடிந்திருந்தது.

பேரன் கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கினார். அந்த மடிந்த காதை வைத்துக்கொண்டு மற்றப் படங்களைத் துழாவியதில் இன்னொன்று அகப்பட்டது. அறுவர் கூடாரத்தின் முன் அமர்ந்திருக்கும் படம் இரண்டு உண்டு. ஒரே இடம், ஒரே மாலை வெயில், ஒரே ஆட்கள் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தோம். ஆனால் ஐவர்தாம் பொது. முதல் படத்தில் இடக்கோடியில் இருப்பவர் மடிந்த காதுடைய அந்த இளைஞர். சாப்பர்ஸ் படைக்கே உரிய, விளிம்பில்லாத உயர்ந்த தொப்பியை அணிந்திருக்கிறார். இரண்டாவதில் அவர் இல்லை. அதே இடத்தில் வேறொருவர் அமர்ந்திருக்கிறார். அவர் நெற்றியில் திருநீற்றுக் கோடு. அந்த மற்றவரை வேறு பதினெட்டுப் படங்களில் எதிலும் காணோம். காமிரா அவருடையது. ஒரு முறை மட்டும் அதை நண்பர் கையில் கொடுத்துவிட்டு, நண்பர் எழுந்த இடத்தில் தாம் போய் உட்கார்ந்திருக்கிறார்.

பெருநாள் காலையில் ஸஃப்புகளுக்குப் பின்னால், பூட்ஸ் வரிசைக்கு அப்பால், சூரியன் கண்ணில் அடிக்க நின்றவர் அவரே. தொழுகை தொடங்கியதிலிருந்து காத்திருந்து, தம் நண்பரின் முகம் திரும்பப்போகும் நொடியை அறிந்து பொத்தானை அழுத்தியிருக்கிறார். தக்பீரின்போதோ ருகூவின்போதோ எடுத்திருந்தால் முதுகுதான் கிடைத்திருக்கும். இது தற்செயலாக நேர்ந்ததென்று நம்மால் நினைக்க முடியவில்லை. சலாம் கொடுக்கும் தருணம் எப்போது வரும் என்று நண்பரிடமே கேட்டு வைத்திருப்பாரோ என்னவோ. பின்பு போர் முடிந்து ஊர் திரும்பியவர், ‘டிரிபோலி’ என்று ஒரு சொல் எழுதி, நண்பரின் மனைவிக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார். தாம் எடுத்த படங்களில் தமக்கென்று ஒன்றேனும் வைத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அம்மையாரிடம் நாம் உள்ளதை உள்ளபடி சொன்னோம். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் ஒருவரை ஏற்க எத்தனை நிபந்தனைகள் உண்டென்று பாடம் நடத்துகிறவர்கள் நாம். இங்கே இருப்பவை ஒரு சிறுமியின் காதில் விழுந்த ஒரு வாக்கியமும், ஒரு நிழலும், ஒரு காதும். இதைக் கொண்டு உறுதி என்று சொல்ல மாட்டோம். மிகுந்த எண்ணம் என்றே சொல்வோம். சட்ட நூல்களில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

அவர் கண்ணில் புரை. கைப்பேசியை முகத்துக்கு வெகு அருகில் வைத்து, முதலில் நேர்முகத்தைப் பார்த்தார். பிறகு தொழுகிற முகத்தைப் பார்த்தார். “ரொம்பச் சின்ன வயசு” என்றார். சிறிது நேரம் கழித்து, “என் பேரனைவிடச் சின்னவரு” என்றார். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் அந்த இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு கடைவீதியில் உள்ள ஸ்டூடியோவுக்கு நாமே போனோம். இருபத்தெட்டு ஆண்டுகளாக அந்தக் கடையைத் தாண்டிப் போயிருக்கிறோமே தவிர, பாஸ்போர்ட்டுக்காக அன்றி உள்ளே நுழைந்ததில்லை. கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். பெரிதாக்கி எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்டார். தொழுகைப் படத்தில் ஒன்று போதும் என்றோம். மற்றதில், அதாவது திருநீறு அணிந்தவர் அமர்ந்திருக்கும் படத்தில், இரண்டு போடச் சொன்னோம். ஒன்று அம்மையாருக்கு. அவர்தாம் கேட்டார், அத்தாவோடு அந்தக் கூட்டாளியும் இருக்கட்டும் என்றார். இன்னொன்று, இன்ன ஊர் இன்ன பெயர் என்று அவருடைய வீட்டார் யாரேனும் அகப்பட்டால் கொடுப்பதற்காக நம்மிடம் இருக்கிறது. பாட நூல்கள் அடுக்கிய அலமாரியின் மேல்தட்டில், உறையிலிட்டு வைத்திருக்கிறோம்.